அத்தியாயம் 7: ரிவிட் அடித்த ஹேங்கரைச் சேஸுக்குச் சேதமில்லாமல் கழற்றுவது

ஸ்பிரிங் பட்டை உடைந்தால் புதுப் பட்டை போடலாம். சாக்கிள் பின் தேய்ந்தால் பின்னும் புஷ்ஷும் மாற்றினால் போதும். பட்டைக் கட்டைத் தாங்கும் ஹேங்கரே விரிசல் விட்டாலோ, அதன் பின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டாலோ அவ்வளவு எளிதில் முடியாது. பழைய லாரிகளில் ஹேங்கரும் சாக்கிள் பிராக்கெட்டும் சேஸோடு ரிவிட் அடித்தே வந்திருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்ப அங்கே எதுவும் இல்லை.

ரிவிட்டை அடிக்கும்போது அதன் தண்டு உப்பி, ஓட்டையை இடைவெளியில்லாமல் நிறைத்துவிடுகிறது. லாரி எத்தனை வருடம் குலுங்கினாலும் அது தளராததற்குக் காரணம் இதுதான். தலையை வெட்டிய பிறகும் தண்டு அசையாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே. தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான்.

ரிவிட் பாழானால் நட்டமில்லை. கழற்றும் ஹேங்கரும் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகப்போகிறது. சேஸில் உள்ள ஓட்டை மட்டும் வட்டம் கெடாமலும் விளிம்பு கீறாமலும் மிஞ்ச வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும், ‘இது ஓட்டைக்கு நல்லதா?’ என்று கேட்டு முடிவெடுங்கள்.

யார் செய்யலாம், எப்போது விட்டுவிட வேண்டும்

கிரைண்டரும் டிரில்லும் பிடித்துப் பழகியவர், கூட ஒரு உதவியாளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாம். தனியாக மட்டும் இறங்காதீர்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் சேஸ் வேலையில் அனுபவமுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள்:

- சேஸின் சைடு மெம்பரில் ஏற்கெனவே விரிசல் தெரிகிறது.
- சேஸ் வளைந்தோ முறுக்கியோ இருக்கிறது.
- ஹேங்கரைச் சுற்றி யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.
- துரு தின்று தகடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது.

தொடங்கும் முன் சேஸ் நம்பர் எங்கே பதித்திருக்கிறது என்று தேடிப் பார்த்து, சுற்றிலும் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். கிரைண்டரோ சூடோ அந்தப் பக்கம் போகக் கூடாது. நம்பர் தேய்ந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது பதில் சொல்ல முடியாது. ஹேங்கர் இருந்த இடத்திலேயே அதே மாதிரி ஹேங்கரைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. அதை முன்னே பின்னே தள்ளி வீல்பேஸை மாற்றுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கும் மாற்றம்.

தேவையான சாமான்கள்

- 4 இஞ்ச் கிரைண்டர், கார்டு கழற்றாதது. கிரைண்டிங் வீல், மெல்லிய கட்டிங் வீல் இரண்டும் வேண்டும்.
- மெதுவாகவும் ஓடக்கூடிய பெரிய டிரில் மெஷின். 3, 6, 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக.
- சென்டர் பஞ்ச், தட்டிவிடும் பஞ்ச் (12 மி.மீ.), தட்டை உளி, நீளக் கைப்பிடி போட்ட உளிப் பிடி.
- 2 கிலோ சுத்தியல், 4 கிலோ சம்மட்டி.
- ஜாக்கி இரண்டு. வண்டி எடைக்கு ஏற்ற ஸ்டாண்டு நான்கு. ரயில் கட்டை போன்ற கெட்டி மரக் கட்டைகள்.
- வெர்னியர், டேப், தூக்குக் குண்டு, சாக்பீஸ், பெயின்ட் மார்க்கர்.
- கட்டிங் ஆயில், கம்பி பிரஷ், மண்ணெண்ணெய்.
- தற்காலிகமாக மாட்டி வைக்க, ஓட்டை அளவுக்கு ஏற்ற போல்ட்-நட் பத்து.
- தீயணைப்பான் ஒன்று, மணல் வாளி ஒன்று, ஈரச் சாக்கு.

ஏர் கம்ப்ரசரும் பெரிய ஏர் சிசலும் கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இல்லையென்றாலும் முடியும்.

உடம்புக்குப் பாதுகாப்பு

1. கண்ணாடியும் அதன் மேல் முகக் கவசமும் போடுங்கள். வெட்டுப்பட்ட ரிவிட் தலை கல் போலப் பறந்து வரும். உதவியாளுக்கும் கண்ணாடி வேண்டும்.
2. லுங்கி, கழுத்துத் துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் வேண்டாம். பேன்ட், உடம்போடு ஒட்டிய சட்டை, இரும்பு முனை வைத்த ஷூ போதும்.
3. டிரில் ஓட்டும்போது துணிக் கையுறை போடாதீர்கள். சுழலும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.
4. காதடைப்பான் போடுங்கள். சேஸ் மேல் விழும் சம்மட்டி அடியின் சத்தம் காதைக் கெடுக்கும்.
5. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பழைய பிரேக் லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சாதாரணத் துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்த மாஸ்க் போடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.
6. தலை விரிந்து பூப்போல மடங்கிய உளியையும் பஞ்சையும் முதலில் கிரைண்டரில் தேய்த்துச் சீராக்குங்கள். மடங்கிய விளிம்பு உடைந்து தெறித்தால் உடம்பில் ஏறும்.

வண்டியை நிறுத்துவதும் தூக்குவதும்

1. சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். மண் தரையில் ஸ்டாண்டு புதையும்.
2. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டீசல் டேங்க் பக்கத்தில் இருந்தால் அதை இறக்கி வைப்பதே நல்லது.
3. வேலை நடக்காத ஆக்சிலின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள்.
4. ஜாக்கியால் சேஸைத் தூக்கி, ஸ்டாண்டைச் சேஸுக்கு அடியில் வையுங்கள். பட்டையைத்தான் அவிழ்க்கப்போகிறோம் என்பதால் ஆக்சிலுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டு வண்டியைத் தாங்காது.
5. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டாம். பாரம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். மரக் கட்டையை அடுக்கினால் ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள்.
6. ஸ்டாண்டில் இறக்கியதும் சேஸைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்பத் தூக்கிச் சரிசெய்யுங்கள். உறுதியான பிறகே அடியில் போக வேண்டும்.

குறிப்பு: ஏர் பிரேக் வண்டியில் ஸ்பிரிங் வைத்த பிரேக் சேம்பர் இருந்தால், அதன் பூட்டு போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை அடக்கிய பிறகே அந்த ஆக்சிலில் கை வையுங்கள். சேம்பரைப் பிரிக்கவே கூடாது. உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே வரும்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

ஹேங்கர் வந்த பிறகு ‘முன்னே எங்கே இருந்தது?’ என்று தேடுவது வீண் வேலை. அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைக் குறித்துவையுங்கள்:

1. இடது, வலது இரண்டு பக்கமும் முன் ஹேங்கர் பின்னின் மையத்திலிருந்து பின் சாக்கிள் பிராக்கெட்டின் மையம் வரை உள்ள தூரம்.
2. குறுக்கு அளவு: இடது முன் ஹேங்கரிலிருந்து வலது பின் பிராக்கெட் வரை, பிறகு வலது முன்னிலிருந்து இடது பின் வரை. தூக்குக் குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து அளந்தால் துல்லியம் வரும். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸ் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
3. ஹேங்கரின் வெளிக்கோட்டைச் சேஸ் மேல் பெயின்ட் மார்க்கரால் வரையுங்கள். கூரான ஊசியால் கீறாதீர்கள். கீறல் நாளைய விரிசலுக்குத் தொடக்கமாகலாம்.
4. எந்த ரிவிட் எத்தனை தகடுகள் வழியாகப் போகிறது என்று உள்பக்கம் பார்த்து எழுதிவையுங்கள். சில ரிவிட்கள் ஹேங்கர், சைடு மெம்பர், கிராஸ் மெம்பரின் மூலைத் தகடு மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள்.
5. எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுங்கள்.

பட்டைக் கட்டை இறக்குதல்

1. பின்களுக்கும் யூ போல்ட்களுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு முந்தின இரவே ஊற வையுங்கள்.
2. ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, பட்டையில் பாரமும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் வரும் உயரத்துக்கு ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்த உயரத்தில் சாக்கிள் பின் லேசான தட்டலுக்கே நகரும். நகரவில்லை என்றால் பாரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். சம்மட்டியைத் தேடாமல் ஜாக்கியைச் சரிசெய்யுங்கள்.
3. ஷாக் அப்சார்பரைக் கழற்றுங்கள். பிறகு யூ போல்ட், கடைசியாகப் பின்கள்.
4. யூ போல்ட் போனதும் ஆக்சில் உருளத் தயாராகிவிடும். அதை ஸ்டாண்டில் உட்கார வைத்துக் கட்டை அடித்துவிடுங்கள்.
5. பட்டைக் கட்டை இருவர் சேர்ந்து, ஜாக்கியின் துணையோடு இறக்குங்கள். நடு போல்ட்டைக் கழற்றாதீர்கள். கிளாம்ப் போட்டு இறுக்காமல் அதை அவிழ்த்தால் பட்டைகள் தெறித்துப் பிரியும்.

கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை இறுக்கி நீண்ட மரை மறுபடி அதே பிடிப்பைத் தராது.

ரிவிட்டின் அளவைக் கண்டுபிடித்தல்

தண்டு உள்ளே மறைந்திருக்கிறது, தலை மட்டுமே தெரியும். உருண்டைத் தலை ரிவிட்டில் தலையின் விட்டம் தண்டைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு இருக்கும். தலையை வெர்னியரால் அளந்து 1.6-ஆல் வகுத்தால் தண்டு கிடைத்துவிடும். தலை 20 மி.மீ. என்றால் தண்டு சுமார் 12.5 மி.மீ., அதாவது 4 நூல் (12.7 மி.மீ.) ரிவிட். தலை 15 மி.மீ. என்றால் 3 நூல். துருப்பிடித்த தலையில் இந்தக் கணக்கு சற்றுத் தவறும் என்பதால் தலையை வெட்டியதும் மறுபடி சரிபாருங்கள்.

இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகள் 4 நூல் ரிவிட்டுக்கு உரியவை. உங்கள் ரிவிட் வேறு அளவு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது

ஹேங்கர் பக்கத்துத் தலையை வெட்டுங்கள். கை நழுவி வீல் உரசினால் கீறல் எறியப்போகும் ஹேங்கரில் விழும். சேஸ் பக்கத்தில் வெட்டினால் அதே கீறல் சைடு மெம்பரில் விழும். ஹேங்கரைத் திரும்பப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றாலும் இதே விதிதான். ஹேங்கருக்கு மாற்று கிடைக்கும்.

வெட்டும் முன் சைடு மெம்பரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வயர் கட்டு, பிரேக் பைப், டீசல் ஹோஸ் எல்லாம் அந்த வாய்க்காலில்தான் ஓடும். அவற்றை அவிழ்த்து ஒதுக்கிக் கட்டுங்கள். ஒதுக்க முடியாதவற்றை ஈரச் சாக்கால் மூடி, மேலே ஒரு தகடு வையுங்கள்.

கழற்றும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு ஹேங்கர் மட்டும். நான்கையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு அளக்க எதுவும் மிஞ்சாது.

*படி 1. தலையைத் தேய்த்தல்*

1. கிரைண்டிங் வீலால் தலையின் நடுவைத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். ஹேங்கர் தகடு மட்டத்துக்கு அரை மி.மீ. மேலே வரும்போது நிறுத்துங்கள்.
2. கம்பி பிரஷ் போட்டுத் துடையுங்கள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய வட்டக் கோடு தெரியும். அதுதான் தண்டின் உண்மையான விளிம்பு.
3. கோடு தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டினாலும் கோட்டில் துருத்தூள் உதிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

வேகமான மாற்று வழி: மெல்லிய கட்டிங் வீலால் தலையில் குறுக்காக இரண்டு வெட்டு போட்டு நான்கு துண்டாக்குங்கள். வெட்டு தகட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிற்க வேண்டும். பிறகு உளியைப் பக்கவாட்டில் சாய்த்து ஒவ்வொரு துண்டாக அடித்துப் பெயருங்கள். உளியை உதவியாள் பிடிப்பதாக இருந்தால் கையால் பிடிக்க விடாமல் உளிப் பிடியைக் கொடுங்கள். ஏர் சிசல் இருந்தால் வெட்டே போடாமல் தலையை ஓரத்திலிருந்து சீவி எடுக்கலாம்.

*படி 2. மையம் குறித்தல்*

தலையின் நடுவையே தண்டின் நடுவாக எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அடித்து உருவாக்கிய தலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது சாதாரணம். படி 1-இல் தெரிந்த வட்டக் கோட்டை வைத்து மையம் கண்டு, சென்டர் பஞ்சால் முதலில் லேசாகத் தட்டுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆழமாக அடியுங்கள்.

*படி 3. துளையிடுதல்*

1. 3 மி.மீ. பிட்டால் 3 மி.மீ. ஆழம் மட்டும் போடுங்கள். நிறுத்திப் பாருங்கள். மையம் விலகியிருந்தால் இப்போதே பஞ்சால் சரிசெய்ய முடியும்.
2. 6 மி.மீ. பிட்டால் ஹேங்கரும் சேஸ் தகடும் சேர்ந்த கனம் வரைக்கும் போங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் உள்பக்கம் தாண்டிப் போகாது. வேகம் நிமிடத்துக்கு 1,300 சுற்று வாக்கில் இருக்கட்டும்.
3. 10 மி.மீ. பிட்டால் அதே ஆழம். வேகம் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் வேண்டாம். கட்டிங் ஆயிலைத் தொடர்ந்து விடுங்கள்.

ரிவிட் மென்மையான இரும்பு. சரியான வேகத்தில் சுருள் சுருளாக வரும். புகை வந்து தூளாக விழுந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் கூடிவிட்டது. பிட் திடீரென்று கெட்டியான இடத்தைத் தொட்டது போல் சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள். தண்டை விட்டு விலகிச் சேஸைத் தொடுகிறது. அந்தத் துளையைக் கைவிட்டு மறுபக்கத் தலையைத் தேய்த்து அங்கிருந்து வாருங்கள்.

12.7 மி.மீ. தண்டில் 10 மி.மீ. துளை போட்டால் சுற்றிலும் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் மெல்லிய குழாய் மிஞ்சும். உள்ளே வெற்றிடம் வந்ததும் ஓட்டைச் சுவரை நெருக்கிக்கொண்டிருந்த அழுத்தம் குறைந்துவிடும். மொத்தத் தண்டையும் துளையிட்டே தீர்த்துவிடலாம் என்று 12 அல்லது 13 மி.மீ. பிட்டைப் போடாதீர்கள். அரை மி.மீ. விலகினாலும் அது வெட்டுவது சேஸ் ஓட்டையை.

*படி 4. தட்டி வெளியேற்றுதல்*

1. 12 மி.மீ. பஞ்சை வையுங்கள். 10 மி.மீ. துளைக்குள் நுழையாமல் தண்டின் விளிம்பில் உட்காரும், ஓட்டைச் சுவரையும் தொடாது.
2. உதவியாள் உள்பக்கத்தில், ரிவிட்டுக்கு அருகே, தலை விழ இடம் விட்டு, சம்மட்டியைச் சேஸில் அணைத்துப் பிடிக்கட்டும். தாங்கல் இல்லாமல் அடித்தால் தகடு அதிர்ந்து அடியின் பலம் வீணாகும்.
3. பெரிய சுத்தியலால் குறைவான, திடமான அடிகள். சின்னச் சுத்தியலால் நூறு அடி அடித்தால் தண்டின் முனை இன்னும் உப்பி இறுகும்.
4. உதவியாள் ‘நிறுத்து’ என்றால் அடிப்பவர் நிறுத்த வேண்டும். இந்த ஒரு சொல்லைத் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்.

*படி 5. ஒன்று வந்தால் ஒன்று போடு*

ஒரு ரிவிட் வந்ததும் அந்த ஓட்டையில் தற்காலிகப் போல்ட் போட்டுக் கையிறுக்கம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீங்கள் தனி நிறத்தில் குறித்த, கிராஸ் மெம்பரையும் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட்களுக்கு இது கட்டாயம். அவற்றை வெறுமையாக விட்டால் கிராஸ் மெம்பர் நகர்ந்து, பிறகு ஓட்டைகள் நேருக்கு நேர் வராது. மூலைக்கு மூலை எதிரெதிராகக் கழற்றுங்கள்.

*படி 6. ஹேங்கரை இறக்குதல்*

கடைசி ரிவிட்டுக்கு முன் ஹேங்கருக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். போல்ட்களைத் தளர்த்தி இறக்குங்கள். கையை அடியில் கொடுத்துப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிராஸ் மெம்பர் ஓட்டைகளில் ஹேங்கர் இல்லாமலே போல்ட்டைத் திரும்ப மாட்டி வையுங்கள்.

அசைய மறுக்கும் ரிவிட்

- தகடுகள் ஒன்றோடு ஒன்று விலகியிருந்தால்: மூன்று தகடுகளின் ஓட்டைகள் நேராக இல்லாதபோது தண்டு படி போல மடங்கி நிற்கும். ஒரு பக்கமிருந்து அடித்தால் வராது. மறுபக்கத் தலையையும் தேய்த்து இரு பக்கமும் துளையிட்டு நடுவில் சந்தியுங்கள்.
- ஹேங்கருக்கும் சேஸுக்கும் நடுவே துரு ஊதியிருந்தால்: இடுக்கில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஹேங்கரைச் சுற்றித் தட்டுங்கள். இடுக்கில் உளி அடித்து நெம்ப வேண்டாம், சேஸ் தகடு வளையும்.
- வார்ப்பு ஹேங்கராக இருந்தால்: வார்ப்பின் மேல் நேராகச் சம்மட்டி போடாதீர்கள். சில்லுகள் தெறிக்கும். தலையைத் தேய்த்துத் துளையிடும் வழியே நல்லது.
- ஹேங்கர் எப்படியும் எறியத்தான் போகிறது என்றால்: சேஸைத் தொடாத பகுதியைக் கட்டிங் வீலால் துண்டு போட்டு எடுத்துவிடுங்கள். ரிவிட்டை அணுக இடம் கிடைக்கும்.

கேஸ் கட்டிங் வைக்கலாமா?

பட்டறையில் யாராவது ‘ரெண்டு நிமிஷ வேலை, கேஸ் வெச்சுத் தள்ளிடலாம்’ என்று சொல்வார்கள். தலை இரண்டு நிமிடத்தில் போகும் என்பது சரிதான். கேஸ் தீ ஓட்டை விளிம்பில் பட்டால் அங்கே உருகிய பள்ளம் விழும். பாரம் ஏறி இறங்கும்போது விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும். சைடு மெம்பர் வெப்பப் பதம் செய்த உயர்பலத் தகடாக இருந்தால் சூடு பட்ட இடம் பதம் இழந்து பலவீனமாகும். தயாரிப்பாளரின் கையேட்டிலோ சேஸில் ஒட்டிய எச்சரிக்கையிலோ வெல்டிங், சூடு கூடாது என்று இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மற்ற சேஸ்களிலும் கை தேர்ந்த கட்டர், ஹேங்கர் பக்கத்துத் தலையை மட்டும் எடுக்கலாம். தண்டை ஊதித் தள்ளக் கூடாது.

தீ எச்சரிக்கை: கிரைண்டர் பொறியே போதும். பாடி மரப் பலகையாக இருந்தால் அதன் இடுக்கில் வைக்கோல், சாக்கு நூல், பஞ்சு அடைந்திருக்கும். முதலில் கூட்டித் துடைத்துத் தண்ணீர் தெளியுங்கள். வேலை முடிந்த பின் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராமல், புகை வருகிறதா என்று பார்த்திருங்கள்.

ஓட்டையைச் சோதித்தல்

ஹேங்கர் மறைத்திருந்த இடத்தை இப்போதுதான் பார்க்கக் கிடைத்திருக்கிறது. அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

1. கம்பி பிரஷ்ஷால் துரு, பெயின்ட் எல்லாம் எடுங்கள்.
2. ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தால் வட்ட அரத்தால் மென்மையாக நீக்குங்கள்.
3. வெர்னியரால் ஒவ்வொரு ஓட்டையையும் நெடுக்கும் குறுக்குமாக அளந்து எழுதுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் ஓட்டை நீண்டிருக்கிறது.
4. விரிசல் தேடுங்கள். மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். கடையில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்பிரே செட் இன்னும் நுண்ணிய விரிசலையும் காட்டும். ஓட்டைகளைச் சுற்றியும் சைடு மெம்பர் மடியும் மூலையிலும் கூர்ந்து பாருங்கள்.
5. விரிசல் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். மேலே தகடு வைத்து மூடும் வேலை வேண்டாம்.

திரும்பப் பொருத்துவதற்கு முன் சில முடிவுகள்

ரிவிட் இருந்த இடத்தில் பட்டறையில் போடுவது போல்ட்தான். ஆனால் கையில் கிடைத்த போல்ட் ஆகாது.

1. தலையில் 10.9 என்று பொறித்த போல்ட், அதே தரத்துக்கு ஏற்ற நட், இரு பக்கமும் கெட்டி வாஷர். இஞ்ச் அளவில் என்றால் தலையில் ஆறு கோடு போட்ட கிரேடு 8.
2. ஓட்டைக்குள் இருக்கும் பகுதியில் மரை வரக் கூடாது. வழவழப்பான தண்டுதான் தகடுகளைத் தாங்க வேண்டும். நீளத்தை அதற்கேற்ப வாங்குங்கள்.
3. போல்ட் ஓட்டையில் ஆடக் கூடாது. நீண்ட ஓட்டையை ரீமர் போட்டு அடுத்த அளவுக்கு வட்டமாக்கி, அதற்கேற்ற போல்ட் போடுங்கள். ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டு விளிம்பு வரை போல்ட் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது மிஞ்ச வேண்டும். ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பிப் புதிதாகத் துளைக்காதீர்கள்.
4. சைடு மெம்பரின் மேல், கீழ் மடிப்புகளில் புது ஓட்டை போடாதீர்கள். வளையும் பாரத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.
5. பொருந்தும் முகங்களில் துரு காக்கும் பிரைமர் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. தடியாகப் பூசினால் நாளாக ஆகப் பெயின்ட் நசுங்கி, போல்ட்டின் பிடிப்பு தளரும்.
6. எதிரெதிராக, மூன்று சுற்றாக இறுக்குங்கள். கையேட்டில் எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லாதபோது, லேசாக எண்ணெய் பட்ட 10.9 போல்ட்டுக்குப் பொதுக் கணக்கு: எம் 12 என்றால் சுமார் 120 நியூட்டன் மீட்டர், எம் 14 என்றால் சுமார் 190. ஸ்பேனரில் பைப் சொருகித் தொங்குவது அளவாகாது. டார்க் ரெஞ்ச் வேண்டும்.
7. ஒவ்வொரு நட்டிலும் மார்க்கரால் நேர்க்கோடு போடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி இறுக்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- சேஸ் பக்கத்துத் தலையை வெட்டுவது.
- தலையின் நடுவைத் தண்டின் நடுவாக நம்புவது.
- தண்டின் முழு அளவுக்கே பிட் போடுவது.
- உள்பக்கம் பார்க்காமல் துளைத்துப் பிரேக் பைப்பைக் கிழிப்பது.
- எல்லா ஹேங்கரையும் ஒரே மூச்சில் கழற்றுவது.
- 10.9 இடத்தில் சாதாரண போல்ட் போட்டு, ஸ்பிரிங் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது.
- போல்ட்டும் போட்டு, நம்பிக்கைக்காக ஓரத்தில் வெல்டிங்கும் வைப்பது. விரிசல் அந்த வெல்டிங் ஓரத்திலிருந்தே தொடங்கும்.

வண்டி சாலையில் இறங்கும் முன்

1. முன்பு எடுத்த நீள அளவும் குறுக்கு அளவும் திரும்ப வருகிறதா?
2. ஒதுக்கிக் கட்டிய வயரும் பிரேக் பைப்பும் பழைய கிளிப்பில் உட்கார்ந்துவிட்டனவா? பிரேக் மிதித்துக் கசிவு பார்த்தாயிற்றா?
3. யூ போல்ட் புதிதா? வண்டி பாரம் பட்டையில் இறங்கிய பிறகு அவற்றை ஒரு முறை இறுக்கினீர்களா?
4. சாக்கிள் பின்னுக்கு கிரீஸ் ஏறியதா?
5. எண்ணிப் பார்த்துக் கருவிகள் எல்லாம் பெட்டிக்குள் வந்தனவா? சைடு மெம்பருக்குள் மறந்த பஞ்ச் ஓடும்போது சாலையில் விழும்.

ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் முதலில் காலி வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ஆக்சில் நேராக உட்காரவில்லை என்று பொருள். திரும்பி வந்து அளவெடுங்கள். இழுக்காமல் வந்தால் போல்ட் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பாரம் ஏற்றலாம்.